கிடைக்காததை முதலில் சொன்னவர்

“கடைசிப் பக்கம்வரைக்கும் நீர் போகமாட்டீர், பிள்ளை.”

இன்சூரன்ஸ் மிஸ் என்னிடம் இதைச் சொன்னபோது உயர்தரப் பரீட்சை முடிவு வந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. மாத்தளை டவுனுக்கு மேலே, மலைச்சரிவில் இருக்கும் எங்கள் லயத்தில் எட்டு வீடுகள். அந்த எட்டு வீடுகளிலும் உயர்தரம் சித்தியடைந்த முதல் ஆள் நான். எங்கள் குடும்பத்தை மட்டும் எடுத்தால், ஐந்தாம் வகுப்பைத் தாண்டியதே நான்தான். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். அம்மா வெளிநாட்டில் வீட்டுவேலையில் இருந்தார்; அவர் அனுப்புகிற பணம் போவதற்கு வாங்கிய கடனுக்கே சரியாக இருந்தது.

அப்பாவின் காப்புறுதிப் புத்தகம் மூன்று வருடமாக ட்ரங்குப் பெட்டிக்குள் கிடந்தது. மிஸ் வரும்போதெல்லாம் அதை வெளியே எடுத்து அப்பாவுக்கு வாசித்துக் காட்டுவார். அன்று நான் குறுக்கே போய், இனி இதை நானே வாசித்து அப்பாவுக்குச் சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் சிரமப்பட வேண்டாம் என்றேன். அதற்குத்தான் அந்தப் பதில். அவர் குரலில் கேலி இல்லை. வானத்தைப் பார்த்து மழை வரும் என்பதைப்போலச் சொன்னார். அதுதான் எனக்குக் கூடுதலாகச் சுட்டது.

அவர் புத்தகத்தைப் பின்னாலிருந்து திறப்பவர். எவருடைய வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். கறுப்புக் குடையைச் சுவரில் சாய்ப்பார். காட்டிய நாற்காலியில் உட்காருவார். கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைப்பார். பிறகு கடைசிப் பக்கத்தை விரித்து, எதற்கெல்லாம் பணம் கிடைக்காது என்று ஒவ்வொன்றாக வாசிப்பார். முன்பே இருக்கும் நோய் வருத்தத்துக்குக் கிடைக்காது. குடித்துவிட்டு விழுந்தால் கிடைக்காது. கட்டுவதை நிறுத்தினால் கிடைக்காது. சிங்கள வீடுகளிலும் அவர் வாயில் முதலில் வருவது ‘லெபென்னே நே’ தான். கிடைக்காது என்று அர்த்தம். கிடைப்பது எது என்று சொல்ல வருவதற்குள் தேநீர் ஆறிப்போயிருக்கும்.

அலுவிகாரையில் வாசனைச் சரக்குக் கடை வைத்திருந்த முஸ்லிம் நாநா ஒருவரிடம்தான் அப்பா பறிக்கிற மிளகும் கராம்பும் போய்ச் சேரும். அந்த நாநா மிஸ்ஸைக் கண்டால் சும்மா விடமாட்டார்.

“மிஸ், ஒங்கட மாதிரி நான் யாவாரம் செஞ்சா, இதுல காரமும் இல்ல மணமும் இல்லன்டு சொல்லித்தான் மொளகு விக்கோணும்.”

“காரம் இல்லாட்டி அப்பிடிச் சொல்லித்தானே விக்க வேணும்” என்பார் மிஸ், சிரிக்காமலே.

நாநா தன் குடும்பத்தில் ஐந்து பேருக்கும் மிஸ்ஸிடமே பொலிசி எடுத்திருந்தார். மற்ற ஏஜென்டுகள் தேனாகப் பேசினார்கள், அதனால் பயமாக இருந்தது என்று அப்பாவிடம் சொன்னாராம்.

மிஸ் எங்கள் பக்கத்து ஆள் இல்லை. அவருடைய தகப்பனார் வடக்கிலிருந்து மாத்தளை அரசாங்கக் கச்சேரிக்கு எழுதுவினைஞராக வந்தவர். அவர் காலமானார். பிறகு தாயாரும். தம்பி வெளிநாடு போனார். மிஸ் மட்டும் மாத்தளையிலேயே நின்றுவிட்டார். அவ்வளவு வருடம் எங்களோடு இருந்தும் அவர் பேச்சு ஒரு சொல் மாறவில்லை. “இஞ்ச பாருங்கோ ஐயா” என்று அவர் தொடங்கினால் லயத்துப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஒரு சிங்கள அம்மாவின் வீட்டோடு ஒட்டிய ஒற்றை அறையில் அவர் குடியிருந்தார். அடையாள அட்டைப் பிரதி ஒன்றைக் கொடுக்க அப்பா என்னை அங்கே ஒருமுறை அனுப்பினார். அறையில் ஒரேயொரு நாற்காலி. அதில் என்னை இருத்திவிட்டு அவர் ஜன்னலோரம் நின்றார். நான் ஏதாவது பேச வேண்டுமே என்பதற்காக, நீங்களும் இன்சூரன்ஸ் போட்டிருக்கிறீர்களா மிஸ் என்று கேட்டேன்.

“போட்டிருக்கிறன். நான் இல்லாமல் போனால் ஆருக்குக் குடுக்க வேணும் எண்டு பத்திரத்தில ஒரு பெட்டி இருக்கெல்லோ, அதுதான் மூண்டு தரம் மாத்திப்போட்டன். முதல் அம்மா. பிறகு தம்பி. அவன் இப்ப கதைக்கிறேல்ல. இப்ப அவன்ர மகளின்ர பெயர். அந்தப் பிள்ளை என்னைக் கண்டதில்லை.”

நான் எழுந்து கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அவரிடம் பொலிசி எடுத்தவர்கள் யாராவது ஆஸ்பத்திரியில் கிடந்தால், பகல் பார்வையாளர் நேரத்தில் மிஸ் வாட்டுக்குள் நிற்பார். மற்றவர்கள் சோறு கட்டிக்கொண்டு போவார்கள். மிஸ் ஒரு நீலக் கடித உறையைக் கொண்டு போவார். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது, என்ன நோய் என்று எழுதித் தருகிற டயக்னோசிஸ் காட்டை அதற்குள் போட்டு வைக்கும்படி சொல்வார். எங்கள் ஆட்கள் அந்தக் காட்டை மருந்துச் சீட்டு என்று நினைத்து மடித்து இடுப்பில் செருகிவிடுவார்கள். துணி துவைத்த பிறகு அதில் எழுத்து இருக்காது. காட் இல்லையென்றால் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களுக்குக் கம்பெனி தருகிற பணமும் இல்லை. வில்கமுவவில் ஒரு வயல்கார அம்மாவுக்கு இதே உறையைக் கொடுப்பதற்காகப் போய், திரும்ப பஸ் இல்லாமல், பிரதான வீதிவரைக்கும் ட்ராக்டர் பெட்டியில் உர மூட்டைமேல் குடை பிடித்தபடி வந்தாராம். அதை நாநா தன் கடையில் நடித்தே காட்டுவார்.

அந்த வருடம்தான் அரசாங்கம் சுகாதார சேவையை மாற்றப் போகிறது என்ற பேச்சு வந்தது. ஒவ்வொரு குடும்பத்தையும் பக்கத்திலுள்ள கிளினிக்கில் பதிவார்களாம். ஆளுக்கொரு இலக்கம் தருவார்களாம். எல்லோருக்கும் அரசாங்கமே காப்புறுதி போடுமாம். டவுனுக்குப் போன அப்பா, சாமான் சுற்றிக் கொடுத்த பத்திரிகைத் தாளைக் கவனமாக நீவி எடுத்துக்கொண்டு வந்தார். பெரிய எழுத்தில் அந்தச் செய்தி இருந்தது.

எங்கள் லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கடிதம் வந்தாலும், எந்த நோட்டீஸ் ஒட்டினாலும், தண்ணீர் பிடிக்கும் பீலியடிக்கு எல்லோரும் வந்துவிடுவார்கள். நான் நின்று வாசிப்பேன். நான் சொன்னதுதான் அதில் எழுதியிருக்கிறது. சரியா பிழையா என்று பார்க்க இன்னொரு கண் கிடையாது. அது எவ்வளவு பெரிய பாரம் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. எட்டு வீட்டு முகங்களும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த நேரத்துக்காகவே நான் காத்திருப்பேன்.

அன்று தலைப்பை வாசித்தேன். முதல் பந்தியை வாசித்தேன். இனி இன்சூரன்ஸ் மிஸ்ஸுக்குக் கட்டத் தேவையில்லை, அரசாங்கமே தரும் என்று சொன்னேன்.

அப்பா ஒன்று கேட்டார். “நிறுத்துனா, இத்தன வருஷம் கட்டுனதுக்கு ஏதாவது தருவாங்கதானே புள்ள? நடுவுல ஏதும் நடந்துட்டா?”

“தருவாங்கப்பா. கட்டுனது போகாது” என்றேன்.

புத்தகம் பத்தடி தூரத்தில் ட்ரங்குப் பெட்டிக்குள் இருந்தது. நான் போய்ப் பார்க்கவில்லை. வாசித்த குரலிலேயே அதையும் சொன்னேன். ஏழு வீடுகள் அந்த மாதத்தோடு நிறுத்தின. எட்டாம் வீட்டு அக்கா எடுத்திருக்கவே இல்லை. அவருக்கு ரொம்பச் சந்தோஷம்.

மிஸ் வந்தார். பீலியடியிலேயே வைத்து, அந்தப் பத்திரிகைத் தாளைத் தரும்படி கேட்டு வாங்கினார். கண்ணாடியைத் துடைத்தார். கடைசிப் பந்தியில் விரலை வைத்தார். காப்புறுதி பற்றி ஒரு குழு ஆராய்ந்து வருவதாக அங்கே சின்ன எழுத்தில் இருந்தது. அதை மெதுவாக எல்லோருக்கும் வாசித்தார்.

“கிளினிக்கில பதியுங்கோ. அது நல்ல விசயம், எல்லாரும் போய்ப் பதியுங்கோ. மருந்தும் பரிசோதனையும் கிட்டவே கிடைச்சால் என்னட்ட எடுத்ததில ஒரு பங்கு உங்களுக்குத் தேவைப்படாது. அது உண்மை. ஆனால் படுத்த படுக்கையில வேலைக்குப் போகாத நாளுக்கு இதில ஒரு வரியும் இல்லை. அதுவும் எப்ப வருமெண்டு இல்லை.”

ஒரு ஏஜென்ட் தன் வாயாலேயே தன் சாமானில் ஒரு பங்கு தேவைப்படாது என்று சொல்வதை நான் அன்றுதான் கேட்டேன். அப்போது அது எனக்குக் கேட்கவில்லை. என் வாசிப்பை எல்லோர் முன்னாலும் திருத்தியதுதான் கேட்டது.

“ஒங்க கொமிஷன் போயிடும்னு பயப்படுறீங்க மிஸ்” என்றேன்.

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மிஸ் தாளை நாலாக மடித்து என் கையில் தந்தார்.

“ஓம், பயம்தான். தனிச் சீவியம், பயமில்லாமல் இருக்குமோ? ஆனால் நான் பயப்பிடுறதால இதில எழுதியிருக்கிறது மாறாது, பிள்ளை.”

பயம் வீண் இல்லை என்று பிறகு நாநா மூலம் தெரிந்தது. அந்தச் செய்திக்குப் பிறகு மாத்தளை முழுக்க ஆட்கள் கட்டுவதை நிறுத்தினார்கள். கம்பெனி ஏஜென்டுகளைக் கூட்டி, இனித் தோட்டம், வயல் என்று அலைய வேண்டாம், தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடிய டவுன் ஆட்களைப் பிடியுங்கள் என்று சொல்லிவிட்டதாம். நிறுத்தின பொலிசிகள் ஓர் அளவைத் தாண்டினால் ஏஜென்ட் வேலையே போகுமாம். மிஸ்ஸோடு வேலை செய்த ஒருவர் அலுவிகாரையில் த்ரீவீல் ஓட்டத் தொடங்கியிருந்தார். அரசாங்கம் நினைத்தது நல்லதையே. அந்த நல்லது வருவதற்கு முன்னாலேயே அதன் பேச்சு வந்து, மிஸ்ஸைப் போன்றவர்களின் வாசல்களை மூடிவிட்டது.

ஆனாலும் அவர் எங்கள் லயத்துக்கு ஏறி வருவதை விடவில்லை. அப்பாவின் பெயருக்குக் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. குறித்த காலத்துக்குள் மீண்டும் கட்டினால் பொலிசியை உயிர்ப்பிக்கலாம் என்று அதில் இருந்தது. நான் அதை என் பொருளியல் கொப்பிக்குள் வைத்துவிட்டேன். அப்பாவிடம் சொன்னால், நான் முதலில் சொன்னது என்ன ஆவது? மிஸ் இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் அப்பா வேலைக்குப் போயிருந்தார். இரண்டு முறையும் வாசலிலேயே நின்று, அப்பாவுக்கு வேண்டாமாம் என்று நான் சொன்னேன். இரண்டாம் முறை அவர் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனார். அன்று வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

கடிதத்தில் சொன்ன காலம் முடிந்தது. அதற்கு அடுத்த மாதம் அப்பா கராம்பு பறிக்கும்போது மூங்கில் ஏணி சரிந்து விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு குறையும் இல்லை. ஒரு சதம் வாங்காமல் கம்பி வைத்தார்கள். ஆனால் அப்பா நாட்சம்பளக்காரர். ஏணியில் ஏறாத நாளுக்கு எங்கள் வீட்டில் எதுவும் இல்லை. எத்தனை மாதம் இப்படி என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. மிஸ் அன்று பீலியடியில் இல்லை என்று சொன்ன அதே ஒரு வரி.

மூன்றாம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு மிஸ் வாட்டுக்குள் வந்தார். கையில் நீல உறை. கட்டிலருகே வந்தபிறகுதான் அது கையில் இருப்பதே அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். பழக்கத்தில் எடுத்து வந்துவிட்டார். மெதுவாகப் பைக்குள் வைத்தார்.

அப்பா அதைப் பார்த்தார். அவருக்குப் பொதுவாகக் குரலே எழும்பாது. அன்று எழும்பியது.

“ஏன் மிஸ் உள்ள வைக்கிறீங்க? எனக்கு இல்லையா? கட்டுனது போகாதுன்னு எம்மக வாசிச்சுட்டுத்தான் சொன்னா. அவ படிச்சவ. அப்ப யாரு ஏமாத்துனது, நீங்களா ஒங்க கம்பெனியா?”

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எட்டாம் வீட்டு அக்காவும் சோற்றுப் பார்சலோடு அங்கே நின்றார். மிஸ் என்னைப் பார்த்தார். ஒரு கண் இமைக்கும் நேரம்தான். இப்போது சொல்வார் என்று நினைத்தேன்.

“இதுக்குக் கிடைக்காது, ஐயா” என்றார் மிஸ். “நான் இன்னும் விளங்கப்படுத்தியிருக்க வேணும்.”

அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஆஸ்பத்திரி வாசல் படிவரைக்கும் மிஸ்ஸின் பின்னால் ஓடினேன். “ஏன் மிஸ் நான்தான் சொன்னேன்னு சொல்லல?” என்று கேட்டேன். அழுகை வந்தது. அவர் என்னைத் தேற்றவில்லை. தலையைத் தடவவில்லை.

“உம்மட அப்பாவுக்கு வாசிச்சுச் சொல்ல நீர் ஒராள்தான் இருக்கிறீர். உம்மையும் நம்பாமல் விட்டால் அவர் ஆரிட்டப் போறது? என்னை நம்பாட்டிப் பரவாயில்லை, வேற ஏஜென்ட் இருக்கினம்.” படியில் இறங்கியபடி, “நீரே அவரிட்டச் சொல்லுறது வேற. அதை நீர்தான் பாத்துக்கொள்ள வேணும்” என்றார்.

நான் சொல்லவில்லை. அந்தக் கிழமையே எட்டாம் வீட்டு அக்கா மூலம் கதை லயம் முழுக்கப் பரவியது. இன்சூரன்ஸ் மிஸ் ஏமாற்றிவிட்டார். அடுத்து அவர் வந்தது, அப்பாவைக் கிளினிக்கில் பதிவதற்கான பத்திரத்தோடு. அக்கா தன் வாசலில் கிடந்த நாற்காலியைத் தூக்கி உள்ளே வைத்தார். மற்ற வீடுகளிலும் யாரும் நாற்காலி போடவில்லை. மிஸ் பீலியடியில் நின்றபடியே, பத்திரத்தை முழங்கையில் வைத்து, எங்கள் வீட்டு ஆட்களின் பெயர்களை எழுதி முடித்தார். குடை கையிடுக்கில் இருந்தது. யாரும் அதை வாங்கிப் பிடிக்கவில்லை. நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவர் வரவில்லை.

நான் கெம்பஸுக்குப் போனேன். விடுதி அறையில் நான்கு கட்டில்கள். மற்ற மூன்று பேருக்கும் வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் தாயும் தகப்பனும் மாறி மாறிப் படிப்பைப் பற்றிக் கேட்பார்கள். என் அப்பா சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். படிப்பைப் பற்றி எதைக் கேட்பது என்று அவருக்குத் தெரியாது. அங்கே நான் சொல்வதை யாரும் அப்படியே நம்புவதில்லை. எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்பார்கள். எந்தப் புத்தகத்தையும் நான் இப்போது பின்னாலிருந்துதான் திறக்கிறேன். ஒருநாள் மிஸ்ஸின் இலக்கத்துக்கு அழைத்தேன். ஒரு சிங்களப் பையன் எடுத்தான். இது தனக்குப் புதிதாகக் கிடைத்த சிம் என்றான்.

இந்த விடுமுறைக்கு ஊர் வந்ததும் முதலில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த அறைக்குத்தான் போனேன். மிஸ் போய் ஒரு வருடத்துக்குமேல் ஆகிறது என்றார் வீட்டுக்கார அம்மா. எங்கே என்று சொல்லவில்லையாம். யாரும் கேட்டு வரவும் இல்லையாம். இரண்டு பைகளும் குடையும் மட்டும் கொண்டு போயிருக்கிறார். நாற்காலி விறாந்தையில் கிடந்தது. அதன்மேல் ஒரு பூனை படுத்திருந்தது.

வீட்டுக்கு வந்தால் பீலியடியில் ஆட்கள் கூடியிருந்தார்கள். சுகாதாரத் திட்டம் பற்றிப் புதிதாக ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்திருக்கிறார்கள். அப்பா கைத்தடியை ஊன்றிக்கொண்டு நடுவில் நின்றார். “எம்மக வந்துட்டா. அவ வாசிச்சுச் சொல்லுவா. அந்த மிஸ் மாதிரி ஏமாத்த மாட்டா” என்று அவர் சொல்வது மேட்டிலிருந்தே கேட்டது.

பிரசுரத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசித்தேன். இதில் என்ன இல்லை என்று முதலில் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். மிஸ்ஸைப் பற்றிய உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

ஆட்கள் கலைந்த பிறகு, பொருளியல் கொப்பியைத் தேடி எடுத்து, அந்தக் கடிதத்தை அப்பாவின் மடியில் வைத்து வாசித்து, அதை நான் மறைத்ததையும் சொன்னேன். அவர் கடிதத்தைத் தடவிப் பார்த்தார். எழுத்துகளை விரலால் உணர முடியும் என்பதைப்போல. நான் எதிர்பார்த்த எதுவும் நடக்கவில்லை. அடிக்கவில்லை, திட்டவில்லை. கடிதத்தை மடித்து என் கையில் தந்து, “அந்த அம்மாவ நான் என்ன பேச்சுப் பேசிட்டேன்” என்றார். இரவு சாப்பிடவில்லை.

விடிந்ததும் அவரே வந்து, “கடைசி வீட்டுலருந்து தொடங்கு. அவதான் நாற்காலிய உள்ள தூக்கி வச்சவ” என்றார். மறுபடியும் அடுப்படிப் பக்கம் போய்விட்டார்.

நான் எட்டாம் வீட்டுக் கதவைத் தட்டினேன். அக்கா வெளியே வந்து, கெம்பஸ் பிள்ளை என்று சிரித்துக்கொண்டு, அதே நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டு முந்தானையால் துடைத்தார். நான் உட்காரவில்லை. நின்றபடியே, முதலில் மிஸ் ஏமாற்றவில்லை என்பதிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.